அம்புக்குறி

"இந்தப் பம்பை வரைஞ்ச ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும், ஆறாவது மாடிக்கு வாளி தூக்க விட்டுடறேன் மேடம்" என்றார் பம்பு ஆபரேட்டர்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி இருந்தது அந்த அறை. ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஒரே பம்பு. நாலாவது மாடியைத் தொடுவதற்குள் தண்ணீருக்கு மூச்சு வாங்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் நோயாளிகளுக்கு வாளிதான் கதி. ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். அன்றிலிருந்து மேல்மாடித் திட்டெல்லாம் அவர் தலையில்தான் விடிகிறது.

அவள் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

பம்பு கம்பெனியின் வடிவமைப்பாளர் அவள். ஆறு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு புதுப் பம்பை வரைந்திருந்தாள். கொஞ்சம் மின்சாரத்தில் நிறையத் தண்ணீர் தூக்கும், லேசில் பழுதாகாது. என்ன பிரயோஜனம்? வாங்கத்தான் ஆளில்லை. பழையதைக் கழற்றிவிட்டு அதை வைத்துப் பார்க்க இந்த ஆஸ்பத்திரிதான் சம்மதித்திருந்தது. "இதுவும் கைநழுவிப் போச்சுன்னா உன் படமெல்லாம் அலமாரிக்குத்தான்" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். அளவெடுக்க யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போகிறேன் என்று கிளம்பி வந்தது அவள்தான்.

"இதுவும் உங்க கம்பெனி பம்புதானே?"

"ஆமாண்ணே."

"இதை வரைஞ்சவரை வேலையை விட்டே தூக்கிட்டாங்களாமே? எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் சொன்னார்."

"ம். இப்ப ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருக்கார்."

"கணக்கா? பாவம், அந்தப் பிள்ளைங்க."

அவள் பம்பின் மேல் கை வைத்துத் தடவினாள். வருடா வருடம் பச்சைப் பெயின்ட் அடித்து அடித்து, அதன் தோல் தடித்துப் போயிருந்தது. ஓரிடத்தில் விரலுக்கு ஏதோ மேடு தட்டுப்பட்டது. வீட்டுச் சாவியை எடுத்துச் சுரண்டினாள். இரும்பிலேயே புடைத்திருந்த ஓர் அம்புக்குறி மெல்ல வெளியே வந்தது. பம்பு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டும் குறி.

"அண்ணே, ஒரு தடவை நிறுத்திட்டு மறுபடி போடுங்க."

மோட்டாரின் பின்னால், கம்பி வலைக்குள் ஒரு சின்ன விசிறி உண்டு. வேகம் பிடித்துவிட்டால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்பும்போது பார்த்தால்தான் உண்டு. அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். அம்பு காட்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கிளம்பியது விசிறி.

அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மேடம், முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தண்ணி தரவா?"

வாங்கிக் குடித்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுத்த வாரம் அவளுடைய பம்பு வந்து இறங்கும். இது காயலான் கடைக்குப் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. டம்ளரைக் கீழே வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இது எதிர்ப்பக்கமா சுத்துதுண்ணே."

"தண்ணி வருதே மேடம்?"

"வரும். இந்த மாதிரி பம்பு எந்தப் பக்கம் சுத்தினாலும் தண்ணியைத் தள்ளும். எதிர்ப்பக்கம்னா பாதி பலம்தான் இருக்கும். அதான் யாருக்கும் சந்தேகம் வரலை. மெயினை அணைச்சிட்டு, மோட்டாருக்கு வர்ற மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை இடம் மாத்திப் போடுங்க."

பத்து நிமிட வேலை. மறுபடி சுவிட்சைப் போட்டதும், ஆபரேட்டர் பார்த்த ஒன்பது வருடமும் இரண்டிலேயே குந்தியிருந்த அழுத்தமானி முள் எழுந்து நாலுக்குப் போய் நின்றது. சற்று நேரத்தில் சுவரில் இருந்த போன் அடித்தது.

"ஆறாவது மாடியில குழாயை யாருய்யா திறந்து விட்டது? வார்டு பூரா தண்ணி" என்றாள் ஒரு நர்ஸ்.

யாரும் திறந்துவிடவில்லை. வருடக்கணக்காக வறண்டு கிடந்த குழாயை மூடி வைக்க யாருக்குத் தோன்றும்? ஆபரேட்டர் போனை வைத்துவிட்டுக் கண் கலங்கச் சிரித்தார்.

"அப்ப புதுப் பம்பு?"

"எதுக்குண்ணே? இதுவே ரொம்ப நல்ல பம்பு" என்று அளவு நாடாவைச் சுருட்டினாள்.

"உங்க ஆர்டர் போயிடுமே."

"போகட்டும்."

"இத்தனை வருஷமா அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே மேடம். நம்பர் இருந்தா கொடுங்க, நானே மன்னிப்புக் கேட்டுடறேன்."

"நான் முதல்ல பேசிடறேண்ணே."

வெளியே வந்து சுவர் நிழலில் நின்றாள். அவள் போனில் அந்த எண் பல வருடமாக இருந்தது. ஒரு தடவைகூட அழைத்ததில்லை. நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

"சார், ஆஸ்பத்திரிக்கு நீங்க வரைஞ்ச பம்பு நல்ல பம்பு சார். மாட்டினவங்க அப்பவே மோட்டார் ஒயரைத் தப்பா மாத்திக் கொடுத்திருக்காங்க. இன்னைக்குச் சரி பண்ணிட்டோம். ஆறாவது மாடிக்குத் தண்ணி போயிடுச்சு."

பிள்ளைகளை அவர் நிறுத்தச் சொன்னதும் வாய்ப்பாடு நின்றது.

"நீங்க யாரும்மா?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே பம்பு ரூமுக்கு வந்து, கண்ணெதிர்ல இருந்த அம்புக்குறியைப் பார்க்காம, டிசைன்தான் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ சார்."