நிகரகுவா பஸ்

நாட்டை விட்டுப் போக டிக்கெட் காட்டாத சுற்றுலாக்காரரைக் கோஸ்டா ரிகா விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் ஒதிலியின் பஸ் கம்பெனி பிழைத்தது. பக்கத்து நாடான நிகரகுவாவுக்கு மலிவு டிக்கெட், போனிலேயே அனுப்பிவிடுவாள்.

அன்று காலை பெட்டியும் கையுமாக ஒரு பெரியவர் ஜன்னல் முன் நின்றார்.

"எட்டு மணி பஸ் எங்கம்மா?"

ஒதிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, நெசமாவே போகப் போறீங்களா?"

"பின்னே? டிக்கெட் வாங்கியிருக்கேன்ல?"

"எரிமலை இருக்கு, கடல் ஆமை இருக்கு, அதைப் பாருங்களேன்!"

"நான் உள்ளூர்க்காரன்மா."

"அடுத்த தெருவுல ஏசி பஸ்ஸே இருக்கு, ஐயா."

"இதுதான் வேணும். ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்திக் குத்தியே கிழவனானவன் நான். நேத்துதான் ரிட்டயர்டு. வர்ற வெள்ளைக்காரன் பூரா உங்க டிக்கெட்டைத்தான் நீட்டுவான். அப்படி என்ன பெரிய பஸ்னு ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும்!"

ஒதிலி கொல்லைக்கு ஓடித் தம்பியின் காதைக் கடித்தாள்.

"டேய் வில்பெர்த், பஸ்ஸுல அடைகாக்குற கோழியெல்லாம் கீழ இறக்கு. அப்படியே எஞ்சினை எவனுக்கு வித்தோம்னு யோசி!"