மயிலாத்தாள் என்று பொறித்த டப்பா

சாப்பாட்டு டப்பா நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது.

கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தபோது குனிந்து எடுத்தாள். சுத்தமாகக் கழுவிய எவர்சில்வர் டப்பா.

நாச்சிமுத்துவுடையது. வேறு யாருடையதாக இருக்கும்?

மில்லில் பாதிப் பேரை நிறுத்திய பிறகு நூலகத்தில் ஆண்கள் கூட்டம் கூடிப்போயிருந்தது. வேலை விளம்பரம் வருகிற பக்கத்தை நாலு பேர் சேர்ந்து குனிந்து படிப்பார்கள். மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நாச்சிமுத்து மட்டும் கிளம்ப மாட்டார். ஷிப்டு முடிகிற நேரம் வரைக்கும் இருப்பார். மில்லில் கொடுத்த நீலச் சட்டை. இஸ்திரி மடிப்புகூடக் கலைந்திருக்காது.

வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை.

அவளுக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் மனிதர் கூசிப்போவார்.

மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். உள்ளே சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பேப்பர் கட்டு அடுக்குகிற அறையை அவருக்குத் திறந்துவிட்டாள்.

அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டவள்தான்.

டப்பாவைத் திருப்பினாள். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்திருந்தது. மயிலாத்தாள்.

அட!

வீட்டுக்குப் போகும் வழியில் தோசை மாவு வாங்குகிறாளே, அந்த மாவுக்கார அக்கா! அங்கே போசி, கரண்டி, தூக்கு எல்லாவற்றிலும் இதே பெயர். இதே எழுத்து. அப்படியானால் அக்காவின் வீட்டுக்காரர்தான் நாச்சிமுத்து!

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். டப்பா இல்லாமல் நாளைக்கு மனிதர் சோற்றுக்கு என்ன செய்வார் என்கிற கரிசனம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்துகொண்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது? நேராக மாவுக்கடைக்குப் போய் நீட்டினாள்.

"அக்கா, இந்தாங்க. அண்ணன் டப்பாவ லைப்ரரியிலயே விட்டுட்டுப் போயிட்டாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

ஐயோ.

மயிலாத்தாள் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். டப்பாவைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போயிருமுங்களா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறாரு. அப்படியே இருக்கட்டும்னுதான் நானும் தெனம் சோறு கட்டிக் குடுத்து உடறனுங்க. ஒரு வேலை கெடைக்கட்டும், அவரே வந்து சொல்லுவாரு. அதுவரைக்கும் அந்த மானமாவது அவருக்கு மிஞ்சட்டும். இதை எடுத்துட்டுப் போயிருங்க கண்ணு. நான் பாக்கவே இல்லீங்க."

சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி மாவு அள்ளத் தொடங்கினாள்.

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டப்பாவைப் பையில் போட்டபடி நிமிர்ந்தாள்.

எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து நின்றிருந்தார்.

டப்பாவைத் தேடித்தான் திரும்பி வந்திருக்கிறார்.

அவள் கையில் டப்பாவைப் பார்த்தார். கடைக்குள் திரும்பி நிற்கும் மனைவியின் முதுகைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். ஏறக்கூட இல்லை, தள்ளிக்கொண்டே போனார்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்கா திரும்பிப் பார்த்துவிடுவாளே.

மூடிக்கொண்டாள்.

மறுநாள் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும்.

மற்றவர்கள் வந்தார்கள். படித்தார்கள். போனார்கள். மின்விசிறிக்கு அடியில் யாராவது உட்காரப் போனால், "ஆள் வருவாருங்க" என்று தடுத்தாள்.

இத்தனை நாளும் மூடியிருந்த வாய். அன்றைக்கும் மூடியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யார் கேட்டார்கள் உன் உபகாரத்தை? ரேக்கைத் துடைக்கும்போதும் திட்டிக்கொண்டாள், புத்தகம் அடுக்கும்போதும் திட்டிக்கொண்டாள்.

டப்பாவை ஜன்னலில் வைத்தாள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. பெயரை மட்டும் உட்பக்கம் திருப்பி வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடை மடக்கிக்கொண்டு யார் யாரோ வந்தார்கள்.

மாவு வாங்கப் போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது. போகாவிட்டால் அக்கா ஏதாவது நினைத்துக்கொள்வாள். போனாள்.

மயிலாத்தாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"டப்பா மில்லுல பூட்டிக் கெடக்குதுங்கறாரு. நானும் சரின்னுட்டு வேற டப்பாவுல கட்டி உடறனுங்க. இன்னைக்கும் காத்தால எட்டு மணிக்கே கெளம்பிட்டாரு, இந்த மழையில. அங்க வந்தாருங்களா?"

அப்படியானால் தினமும் கிளம்புகிறார். அந்த நீலச் சட்டையோடு, சோற்றோடு. எந்தக் கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறாரோ. எங்கே டப்பாவைத் திறக்கிறாரோ.

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. இந்தப் பெண்பிள்ளையின் நிம்மதியையும் கெடுத்துவிட்டு அவள் என்ன செய்யப் போகிறாள்?

"வந்தாருங்க" என்றாள்.

"உங்க புண்ணியமுங்க. நனையாம உக்கார்றதுக்கு ஒரு எடம் இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் எனக்கு இங்க கையே ஓடுது. சாப்பிட்டாருங்களா?"

"சாப்பிட்டாருங்க. எப்பவும் உக்கார்ற எடத்துலதான்."

மயிலாத்தாள் சிரித்தாள். அளந்து ஊற்றியதற்கு மேல் இன்னும் ஒரு கரண்டி மாவை அவள் பாத்திரத்தில் ஊற்றினாள்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.