சிண்டு முடிகிறவர்

"டாக்டர், நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க. உங்க கவிதை மருந்துச் சீட்டு மாதிரியாம். ஒருத்தருக்கும் புரியாதாம், ஆனா வயித்தைக் கலக்குமாம்."

நூலகத்து மாடிப்படி வளைவில் நின்று கிசுகிசுத்தவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கேட்டுக்கொண்டிருந்தவர் கால்நடை டாக்டர்.

"அவனா சொன்னான்?"

"வேற யாரு? டிரைவிங் ஸ்கூல்காரர்தான்."

டாக்டரின் மூக்கு சிவந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

படிக்குக் கீழே புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த பெண் நூலகர் எல்லாவற்றையும் கேட்டார். இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனாலும் ஊர்க்கதை அவருக்குத் தெரியும்.

டாக்டரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு கவிதைக் கூட்டம் நடத்துகிறார்கள். முதல் சனிக்கிழமை மாடி ஹால் டாக்டர் கோஷ்டிக்கு, மூன்றாம் சனிக்கிழமை மற்றவர் கோஷ்டிக்கு. வழியில் பார்த்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். இரண்டு கூட்டத்துக்கும் போகிற ஒரே ஆள் கண்ணாடிக்காரர்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"ஊசி போட்ட கையை
நக்குகிறது நாய்.
எனக்குத்தான் வலிக்கிறது."

ஹாலில் கைதட்டல் அடங்கவில்லை.

மறுநாள் காலை பேப்பர் படிக்க வந்த டிரைவிங் ஸ்கூல்காரரின் காதருகே கண்ணாடிக்காரர் குனிந்தார்.

"உங்க கவிதை ஃபர்ஸ்ட் கியரை விட்டு நகரவே மாட்டேங்குதாம். சத்தம் மட்டும் பெருசாம். டாக்டர் நேத்து மைக்கிலேயே சொல்லிட்டார்."

டிரைவிங் ஸ்கூல்காரர் பேப்பரைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

நூலகருக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து முழுக்க நான் ஹால்லதான் இருந்தேன். டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைதான் மேடம்."

"படிக்கட்டுல டாக்டர்கிட்ட சொன்னது?"

"அதுவும் நம்ம சரக்குதான்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிண்டு முடியற வேலை?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். "பழகிப்போச்சு மேடம்."

"இனிமே கூட்டம் கீட்டம்னு இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே நூலகர் இருவரையும் தன் அறைக்கு வரவழைத்து எதிரெதிரே உட்காரவைத்தார்.

"நீங்களும் இவரைப் பத்தி எதுவும் சொல்லலை, இவரும் உங்களைப் பத்தி எதுவும் சொல்லலை. எல்லாம் அந்த ஆள் இட்டுக்கட்டினது."

"அப்படியா" என்றார் டாக்டர், மேஜையைப் பார்த்தபடி.

"அப்படியா" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

"கை கொடுத்துக்குங்க."

கொடுத்துக்கொண்டார்கள். நூலகருக்குக் கண் கலங்கியது. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கி, தன் கைப்பட அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தார்.

முதல் கூட்டுக் கூட்டத்துக்கு ஹால் நிரம்பியது.

"நட்பே, நீ ஒரு தோட்டம்" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"பிரமாதம்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அவர் முறை வந்தது. "தோட்டத்தில் நான் ஒரு ரோஜா."

"அதைவிடப் பிரமாதம்" என்றார் டாக்டர்.

பின்வரிசையில் ஒருவர் நாசூக்காக எழுந்து போனார்.

அடுத்த மாதம் இருவரும் பழைய கவிதைகளையே படித்தார்கள். அதற்கடுத்த மாதம் அதையும் கொண்டுவரவில்லை. ஒருவர் முழங்கால் வலியைப் பற்றிப் பேச, மற்றவர் டயர் விலையைப் பற்றிப் பேசினார். கேட்க ஆளில்லை. நூலகக் குழுச் செயலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு ஒரு ஹால்? பழைய பேப்பர்க் கட்டையெல்லாம் இங்க ஏத்திடலாம். ஒரு மாசம் பார்ப்போம்."

நூலகர் நாளெல்லாம் யோசித்தார். மறுநாள் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்.

"பூனைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை டாக்டர், சும்மா பார்க்கலாம்னு." குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒரு விஷயம். நான் சொன்னேன்னு வெளியில தெரிய வேண்டாம். டிரைவிங் ஸ்கூல்காரர் உங்க கவிதையைப் பத்தி ஒரு மாதிரி பேசினார்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணில் பழைய பளபளப்பு வந்தது. அவர் கை தானாகவே மேஜைமேல் பேனாவைத் தேடியது.

"என்ன பேசினான்? அதே வார்த்தையில சொல்லுங்க."

நூலகருக்கு வேர்த்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

"அது வந்து... சுமார்னு சொன்னார்."

"சுமாரா?"

"ரொம்ப சுமார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பூனையின் தலையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார்.

"ஏன்மா, அவன் என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டான்னு எனக்குத் தெரியாதா? நான் பேசமாட்டேன்னு அவனுக்குத் தெரியாதா?"

நூலகர் விழித்தார்.

"உங்களுக்கு இது சரியா வரலை. அந்தக் கண்ணாடிக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்க, நாங்க எழுதணும்."