பூ மாதிரி ஓர் இழுப்பு

சோதனைக்கூடத்தில் நின்ற வண்டியில், டீசல் எஞ்சினோடு புதிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பூட்டினார்கள்.

"எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் எங்கே?" என்று கேட்டது கியர்பாக்ஸ்.

"உடைஞ்சிட்டாங்கம்மா. என் இழுப்பை அவங்களால தாங்க முடியலை," என்றது எஞ்சின் அன்பாக.

"நான் பெட்ரோல் வண்டிக்குன்னு பிறந்தவ. கிளம்பும்போதாவது மெதுவா இழுப்பீங்களா?"

"உனக்காகப் பூ மாதிரி இழுக்கிறேன்."

பொறியாளர் மங்கையர்க்கரசி ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். கியர்பாக்ஸுக்குள்ளே ஏதோ நொறுங்கியது. சக்கரம் அசையவில்லை.

"இந்த டீசல் இழுப்பைத் தாங்குற ஆட்டோமேட்டிக் போட்டா வண்டி விலை எகிறிடும். கிளட்ச் மிதிக்கிற கியரே போதும்," என்று சக ஊழியரிடம் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டுப் போனாள்.

ஆளில்லாத கூடத்தில், அணைந்த எஞ்சின் மெல்லக் கேட்டது.

"பார்த்தியாம்மா, எவ்வளவு மெதுவா இழுத்தேன்? ஏன் பேச மாட்டேங்கிற?"