கீழ்க்கட்டை

பெரம்பலூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கண்ணாடி உடைந்த சாமி படத்தை உருவி வெயிலில் பிடிக்கிறார் கடைக்காரர் கலைச்செல்வன். தாமரைமேல் நிற்கும் அம்மன். காலடியில் அன்னம், தலைக்குப் பின்னால் முழுநிலா, கையில் சிறு கலசம். ராசாங்கத்தின் குன்னத்து வீட்டில் அவர் அப்பா காலத்திலிருந்து விளக்கேற்றிக் கும்பிட்ட படம். வைத்த குங்குமம் கண்ணாடியோடு போய்விட, வெறும் நெற்றியோடு அவள் சிரிக்கிறாள். சட்டத்தின் கீழ்க்கட்டை மறைத்திருந்த எழுத்து இப்போது தெரிகிறது: ‘நிலாமணி செண்டு. ஒரு சொட்டு போதும், போனவரும் திரும்பி வருவார்.’

“பழைய விளம்பரமுங்க, பெரியவரே. தாமரை வாசனைக்கு, நிலா மோகத்துக்கு. கையில இருக்கறது செண்டு பாட்டிலு,” என்று சிரிக்கிறார் கலைச்செல்வன்.

ராசாங்கம் விறைத்து நிற்கிறார். வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகள் வெற்றிச்செல்வியின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று, ஊர் பார்க்க, இந்தப் படத்தின் முன்தான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். மனைவி ஆண்டாயி அவர் துண்டைப் பற்றுகிறாள்.

“அப்ப அந்தச் சத்தியம் செல்லாதுல்லங்க? வேப்பந்தட்டை பஸ்ஸு நிக்குது. புள்ளையப் பாத்துட்டு வந்துருவோம். பேரன் நடக்குறானாம், பூத்துலேர்ந்து போன் பேசுனா.”

படம் பொய்யானால் சொன்ன சொல்லும் பொய். பிறகு குன்னத்தில் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி? துண்டை விடுவித்து, உதறித் தோளில் போடுகிறார் ராசாங்கம்.

“எழுத்து வெளிய தெரியாம, கட்டைய அகலமா வெச்சு அடிப்பா.”

பஸ் உறுமிக் கிளம்புகிறது. சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் ஆண்டாயியின் தோள் அதிர்கிறது. படத்துக்காரி சிரித்தபடியே பாட்டிலை நீட்டுகிறாள்.