பொத்தான் செல்வக்கனியின் கையில்

குடித்துவிட்டு வேன் ஓட்டி, தூத்துக்குடியில் செல்வக்கனியின் காலை முறித்தவன் இருதயராஜ். அரசு வக்கீல் மங்கையர்க்கரசி அவனுக்குச் சிறை கேட்கவில்லை, சிகிச்சை கேட்டார். அவன் தோளில் ஒரு கருவியைப் பதித்தார்கள். குடிக்கும் ஆசை மிஞ்சினால் செல்வக்கனியின் போன் அடித்து, அவன் இருக்கும் இடத்தைக் காட்டும்; வக்கீலுக்கும் தகவல் போகும். அவள் அதிலுள்ள பொத்தானை அமுக்கினால் போலீஸ் வரும். அடிபட்டவள் பயமில்லாமல் நடமாட வேண்டும் என்று வக்கீல் வைத்த நிபந்தனை அது.

மகளைப் பார்க்க விடாமல் மாமனார் விரட்டிய அன்று, இருதயராஜ் மதுக்கடை வாசலில் போய் நின்றான். போலீஸ் வந்து கூட்டிப் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டோவில் வந்து இறங்கியவள் செல்வக்கனி.

"பொத்தான அமுக்கலியாக்கா?"

"அமுக்கத்தான் போனேன். நீ எந்த நெலமையில இருக்கியோன்னு பாக்க வந்தேன். உள்ள போகலைல்லா? ஏறு, வீட்டுல மீன்கொழம்பு இருக்கு."

அவன் அழுதுகொண்டே ஏறினான்.

போன் அடித்தும் பொத்தான் அமுக்கப்படவில்லை என்று தெரிந்து, சற்று நேரத்தில் வக்கீல் பதறிப்போய்ப் போன் செய்தார். "அவன் எங்கம்மா இருக்கான்?"

"எங்க வீட்டுலதாம்மா. ரெண்டாந்தடவ சோறு கேக்கான்."

மங்கையர்க்கரசி, "நல்லா போடுங்கம்மா," என்றார்.