பெட்டி பழுது

மாலை ஆறு மணிக்கு அன்புராசா சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஹீற்றிங் பெட்டியைப் பதினேழு பாகைக்கு இறக்கினார்.

வெளியே மைனஸ் பன்னிரண்டு. மனைவி எமில்டா இரண்டு சோடி காலுறையோடு புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

எரிவாயுவை வீணாக்கக்கூடாது என்று இரண்டு குளிர்காலமாக அவர் பிரசங்கம் வைக்கிறார். இத்தனைக்கும் தொய்வுக்காரர், குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். மூச்சுக்கு அடிக்கிற பம்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டைக் குளிரவிடுகிற மனுசனை என்ன செய்வது?

பிடிவாதம் அவரோடு கூடப்பிறந்தது. மகள் ஸ்டெபனி கோயிலில் தாலி கட்டாமல் கல்கரியில் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை இல்லை. அவள் அழைத்தால் போனை எமில்டாவிடம் நீட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார். இரண்டு பேரும் ஒருமுறையாவது கதைக்கவேண்டும் என்று எமில்டா வைக்காத நேர்த்திக்கடன் இல்லை.

ஆறரைக்கு, யாரும் தொடாமலே, பெட்டி இருபத்தொன்றுக்கு ஏறியது.

தினமும் இதே கூத்துத்தான். பெட்டி பழுது என்பார். ஆனால் அடுத்த நாள் ஆறு மணிவரை அதைத் திரும்ப இறக்கமாட்டார்.

எமில்டாவுக்குப் பயம் பிடித்தது. வெடித்துக் கிடித்துத் தொலைந்தால்? ஞாயிறு மத்தியானம், அவர் பாண் வாங்கப் போன நேரம் பார்த்து, யூனியன்வில்லில் இருக்கும் மகன் றோயைக் கூப்பிட்டாள்.

றோய் வந்தான். பெட்டியைத் தொடக்கூட இல்லை, தலையைச் சொறிந்தான்.

“அம்மா, உது பழுதில்லை. அக்கா இங்க இருக்கேக்க வாங்கிப் பூட்டினதுதானே, அவவின்ர போனில இப்பவும் எங்கட வீட்டுக் குளிர் தெரியும். கல்கரியில இருந்தே கூட்டிவிடுறா. போன வருசமே அப்பாவுக்குச் சொல்லி, அக்காவின்ர போனை இதிலயிருந்து கழட்டிவிடவோ எண்டு கேட்டன். தொடாதை எண்டிட்டார்.”

எமில்டா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் பதினேழுக்கு இறக்கிவிட்டு, வழமைபோல பெட்டிக்கு எதிரே வந்து இருந்தார்.

எமில்டா போர்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினாள்.

“இண்டைக்குப் பதினாலில வையுங்கோ. அவள் பதறிப்போய்க் கோல் எடுப்பாள். நீங்களே கதையுங்கோ.”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழும்பிப் போய்ப் பதினான்கில் வைத்தார்.

பிறகு வந்து இருந்து, போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.